திங்கட்கிழமைப் புருஷன்

ஷ்வேடகோன் பகோடாவின் கிழக்கு வாசலில் தூஸாவைத் தெரியாதவர்கள் கிடையாது. படிக்கட்டில் தாமரை விற்கிற பெண்களுக்குத் தெரியும், செருப்பு வாங்கி வைக்கிறவனுக்குத் தெரியும், மேலே பளிங்குத் தரையை வரிசையாக நின்று பெருக்கிக்கொண்டு போகிற கூட்டத்துக்கும் தெரியும். வெளிநாட்டுப் பயணிகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் யாங்கோனில் ஆயிரம் பேர் இருந்தாலும் இப்படி ஒரு வாய் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, கன்னத்தில் வட்டமாகச் சந்தனம் மாதிரி தனாக்கா பூசிக்கொண்டு, சின்னக் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடப்பாள். பின்னால் இருபது பேர் வெறுங்காலோடு, வெயிலில் கொதிக்கிற பளிங்கில் துள்ளித் துள்ளி வருவார்கள்.

"பிறந்த தேதி சொல்லுங்க. வயசு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

இப்படித்தான் ஆரம்பிப்பாள். தேதியைச் சொன்னால், பிறந்த நேரத்தையும் கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் தட்டி என்ன கிழமை என்று பார்ப்பாள். அங்கே குழந்தை பிறந்தால் மூக்கா முழியா என்று பார்ப்பதற்கு முன்னால் கிழமையைத்தான் பார்ப்பார்கள். கிழமைக்கு ஏற்ற எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். பகோடாவைச் சுற்றிலும் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, ஒரு புத்தர் சிலை, காலடியில் ஒரு பிராணி. அவரவர் மூலைக்குப் போய்ச் சிலைக்கும் பிராணிக்கும் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள்.

"நீங்க செவ்வாயா சார்? சிங்கம். வீட்டுல உங்க சத்தம்தான் பெருசா இருக்குமே! அம்மா, நீங்க சனி. நாகம். உங்கள யாரும் சீண்டிடக் கூடாது. நான் வெள்ளிக்கிழமை. கினிப்பன்றி. வாய மூடவே மாட்டோம்."

கூட்டம் சிரிக்கும். யாராவது ஒரு வெள்ளைக்காரர், இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்பார். தூஸா அதற்கும் சிரிப்பாள். "சம்பிரதாயம் சார். தண்ணி ஊத்தினா சிலையும் குளிரும், நம்ம மனசும் குளிரும். வேறென்ன?"

ஆனால் வேலை முடிந்து, பயணிகளை வண்டியேற்றிவிட்டு, அவள் மட்டும் திரும்ப மேலே ஏறி வருவாள். தன்னுடைய வெள்ளிக்கிழமை மூலைக்குப் போக மாட்டாள். திங்கட்கிழமை மூலைக்குப் போய், அங்கே இருக்கிற புலியின் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். அப்போது அந்த வாய் திறக்காது. பூக்காரிகள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

அது அவள் புருஷனுக்காக ஊற்றுகிற தண்ணீர். கின் லாட் திங்கட்கிழமைக்காரன்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் ஆகவே ஆகாது என்பது பர்மாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு கிழமையும் சேர்ந்து குடும்பம் நடத்தினால் ஒன்று மற்றதன் ஆயுளைத் தின்றுவிடும் என்பார்கள். தூஸாவும் கின் லாட்டும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இளரத்தம், யார் சொல்லி எதைக் கேட்டது! கின் லாட்டின் அக்கா மியா யீ, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், கல்யாணத்துக்கு முந்தின நாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "என்னைத் தாண்டிக்கிட்டுப் போடா பாப்போம்" என்றாள். அவன் நிஜமாகவே தாண்டிக்கொண்டு போய்விட்டான். போகிறபோது அக்காவின் கொண்டையில் இருந்த பூவையும் பறித்துக்கொண்டு போனான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள் மியா யீ.

மகள் ஹனி பிறந்து பல் முளைக்கிற நேரம். மழைக்காலம். அக்கரையில் டலாவில் படகு எஞ்சின் பழுது பார்க்கப் போயிருந்த கின் லாட், பெரிய படகுக்குக் காத்திராமல் சம்பான் என்கிற சின்னத் தோணியில் ஏறினான். நடு ஆற்றில் காற்று அடித்தது. ஏறினவர்களில் பாதிப் பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை.

உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோது மியா யீ கூட்டத்துக்கு நடுவே நின்று சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்காரி, என் தம்பியத் தின்னுட்டியேடி."

துக்கத்தில் ஆயிரம் பேசுவார்கள். ஊர் அந்தப் பேச்சை அப்போதே மறந்துவிட்டது. மியா யீயும் மனம் கெட்டவள் இல்லை. வருஷா வருஷம் அக்கரையில் இருக்கிற துவாண்டேயிலிருந்து கருவாடும் மாங்காய் ஊறுகாயும் மூட்டை கட்டிக்கொண்டு வருவாள், ஹனியை மடியில் போட்டுத் தலைவாரி விடுவாள், தூஸாவோடு ஒரே பாயில் படுத்து ஊர்வம்பு பேசுவாள். ஆனால் அன்றைக்குச் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள் என்று தூஸாவும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாள், அவளே அதை நம்பினாளே! ராத்திரி தூக்கம் கெட்டு எழுந்தால் அவளுக்குத் தோன்றுகிற முதல் நினைப்பு அதுதான். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எங்கேயோ ஒருத்தியைக் கட்டிக்கொண்டு உயிரோடு இருந்திருப்பான்.

இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. ஹனி வளர்ந்து, படித்து, ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டாள். அதே ஓட்டலில் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே தூஸா போட்ட மொஹிங்காவை இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, "ஆன்ட்டி, மீன் குழம்பு இப்படி இருந்தா நான் தினம் வருவேன்" என்று சொல்லிச் சட்டியையும் கழுவி வைத்தவன். தூஸாவுக்கு மனசு குளிர்ந்து போய்விட்டது.

"பேரு என்னப்பா?"

"கௌங், ஆன்ட்டி."

கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கௌங் என்பது திங்கட்கிழமைப் பெயர். ஹனியோ அம்மாவைப் போலவே வெள்ளிக்கிழமைக்காரி.

அன்றிலிருந்து வீட்டில் போர்தான். தூஸா சோறு போடுவாள், பேச மாட்டாள். ஹனி பேசுவாள், சோறு தின்ன மாட்டாள்.

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சம்பிரதாயம், சும்மான்னு சொல்லிச் சிரிக்கிற. எனக்குன்னா மட்டும் சட்டமாம்மா?"

"அவங்க இன்னிக்கு வந்து நாளைக்குப் போறவங்க. நீ என் வயித்துல பொறந்தவ."

"கௌங் சாவப் போறான்னு சொல்றியா?"

"வாய கழுவுடி! நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிச் சொன்ன?"

தூஸா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். 'உங்கப்பாவக் கொன்னவ நான், நீ அந்தப் பாவத்த சுமக்காத' என்று எந்த அம்மா வாயைத் திறந்து பெண்ணிடம் சொல்வாள்?

கடைசியில் நாத்தனாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதுமே மியா யீ மறுநாள் காலை முதல் படகில் வந்து இறங்கிவிட்டாள். அறுபதைத் தாண்டியும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பவள். உள்ளே நுழைகிறபோதே ஆரம்பித்தாள்.

"எங்க அந்தக் கழுத? ஒண்ண ஆத்துக்குக் குடுத்தது போதாதா? இன்னொரு வீட்டுப் புள்ளையையுமா?"

ஹனி காதில் துணியை அடைத்துக்கொள்ளாத குறையாக வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மியா யீ அவள் போன திக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அவ அப்பன் மாதிரியே தாண்டிக்கிட்டுப் போறா பாரு" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு வேலை இருந்தது. வியட்நாமிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. வீட்டில் தனியே உட்கார்ந்து என்ன செய்வது என்று மியா யீயும் கூடவே கிளம்பிவிட்டாள். "நீ போய் உன் பொழப்பப் பாரு, நான் சாமி கும்பிட்டுக்கறேன்" என்றவள், சாமி கும்பிட்ட பாட்டைக் காணோம். தூஸாவின் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நடந்தாள்.

மற்றவர்கள் எல்லாம் படம் எடுக்கப் போய்விட, லியென் என்ற ஒரு அம்மாள் மட்டும் தூஸாவை விடவில்லை. ஹுவே நகரத்தில் ஊதுபத்திக் கடை வைத்திருப்பவளாம். உள்ளங்கால் சுடுகிறது என்று ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நின்றுகொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"எங்க ஊர்ல வருஷம் பாப்போம், நேரம் பாப்போம். கிழமைய யாரு பாக்கறா? என் கிழமை என்னன்னு எனக்கே தெரியாது."

தேதியை வாங்கி தூஸா கைப்பேசியில் தட்டினாள். செவ்வாய் என்று காட்டியது. "எந்த நேரம் பொறந்தீங்க?"

"மாட்டு நேரம். எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள தண்ணி, எங்கம்மாவ பரண் மேல ஏத்தி வச்சிருக்காங்க, அங்கதான் நான் பொறந்தேன். நடு ராத்திரி தாண்டி, விடியறதுக்கு இன்னும் நேரம் கிடந்ததாம்."

"அப்படின்னா நீங்க திங்கட்கிழமைதான்" என்றாள் தூஸா. "வாங்க, புலிகிட்ட போவோம்."

"செவ்வாய்னு காட்டுச்சே?"

"அது வெள்ளைக்காரன் கணக்கு. இங்க சூரியன் வந்தாத்தான் நாள் ஆரம்பிக்கும். சூரியனே வரல, அதுக்குள்ள என்ன புது நாள்?"

லியென் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்ல பன்னெண்டு மணிக்குக் கூடக் காத்திருக்க மாட்டோம். பதினோரு மணிக்கு எலி நேரம் வந்துட்டா அடுத்த நாள்தான்."

இவர்கள் சிரிக்கிறதைப் பார்த்து மியா யீக்குப் பொறுக்கவில்லை. "என்னடி சொல்றா அந்தம்மா? எனக்கும் சொல்லேன்."

தூஸா சொன்னாள். அந்தம்மா வெள்ளத்தில் பரண் மேல் நடு ராத்திரியில் பிறந்தாள் என்றாள். மியா யீயா விடுவாள்?

"இதென்ன பெரிய அதிசயம்? எங்க தம்பி பொறந்த கதைய நீ அந்தம்மாவுக்குச் சொல்லு. மருத்துவச்சி வர்றதுக்குள்ள பொறந்துட்டான். விளக்குல எண்ணெய் தீந்து போச்சு. எனக்குப் பத்து வயசு, நான்தான் இருட்டுல அம்மா கையப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். சேவல் கூடக் கூவல. எங்கப்பா அரிசி மில் குமாஸ்தா, சுவர்க்கடிகாரம் இருந்த ஒரே வீடு எங்க வீடுதான். அது ரெண்டு அடிச்சது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். 'பன்னெண்டு தாண்டியாச்சு, திங்கக்கிழமைப் புள்ள, கின்னு பேரு வைப்போம்'னாரு. எங்கம்மா அந்த வலியிலயும், 'இன்னும் விடியவே இல்லயே'ன்னுச்சு. 'கடிகாரத்த விட உனக்குத் தெரியுமா'ன்னு அதட்டிட்டாரு. சொல்லு, சொல்லு, அந்தம்மாவுக்குச் சொல்லு."

தூஸா சொல்ல ஆரம்பித்தாள். தொழில் பழக்கம், வாய் தானாக மொழிபெயர்த்துக்கொண்டு போயிற்று. அவங்க தம்பி, இருட்டுல பொறந்தாரு, மருத்துவச்சி வரல, கடிகாரம் ரெண்டு அடிச்சது, அப்பா திங்கக்கிழமைன்னு பேரு வச்சாரு, அம்மா இன்னும் விடியலன்னு...

அத்தோடு நின்றுவிட்டாள்.

லியென் அம்மாள் சுறுசுறுப்பானவள், புதிதாகக் கற்ற பாடத்தை உடனே ஒப்பித்தாள். "அப்போ உங்க கணக்குப்படி அவரு ஞாயித்துக்கிழமைதானே? சரியாச் சொன்னேனா?"

பேசிக்கொண்டே அவர்கள் திங்கட்கிழமை மூலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். எதிரே புலி உட்கார்ந்திருந்தது. எத்தனை ஆயிரம் கிண்ணம் ஊற்றியிருப்பாள் அதன் தலையில்! வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் எந்த நேரம் என்று கேட்கத் தெரிந்தவளுக்கு, கட்டின புருஷனிடம் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கின் லாட் என்று பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஊரே திங்கள் என்று சொல்லிவிட்டது. அவனும் பிறந்ததிலிருந்து இந்தப் புலிக்குத்தான் தண்ணீர் ஊற்றினான்.

"அக்கா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க. விடியலயா?"

"எது?"

"அவரு பொறந்தப்போ. விடிஞ்சிருந்ததா, இல்லயா?"

"இருட்டுன்னுதான் சொன்னேனேடி. தொப்புள் கொடி அறுக்க வெளிச்சம் இல்லாம அப்பா பக்கத்து வீட்டுல போய் விளக்கு வாங்கிட்டு வந்தாரு. அப்புறம் நான் தூங்கிப் போயி, எழுந்திரிச்சப்பத்தான்..."

மியா யீயும் நின்றாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. வாயில் இருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

"அப்பா சொன்னாருடி" என்றாள் மெதுவாக. "அப்பா தப்பாச் சொல்ல மாட்டாரு."

"கடிகாரம் சொல்லிச்சு அக்கா. அப்பா அத நம்பினாரு."

"அப்போ என் தம்பி..."

"ஞாயிறு. ஞாயிறுக்கும் வெள்ளிக்கும் ஒரு பகையும் இல்ல அக்கா. எந்த ஜோசியன வேணா கேளுங்க, ஒண்ணுமே இல்ல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் இத்தனை வருஷமாக இறுகிக் கிடந்தது எதுவோ சட்டென்று இளகிவிட, அவள் நிழல் விழுந்த அந்தப் பளிங்குத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது. காற்று அடித்தது, சம்பான் கவிழ்ந்தது, ஒருவன் நீந்த முடியாமல் போனான். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு யாரும் காரணம் இல்லை, எந்தக் கிழமையும் காரணம் இல்லை. ஆகாத கிழமை இல்லாமலே ஒருவன் போனான் என்றால், கிழமை பார்த்து யாரைக் காப்பாற்றுவது? ஆறு எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது, அவனையும் கொண்டுபோயிற்று. அவன் மட்டும் பெரிய படகுக்குக் காத்திருந்தால்! அடப்பாவி மனுஷா, என்ன அவசரம் உனக்கு? இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. அதுவரை தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு அவன் மேல் படுகிற கோபம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

லியென் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் தெரிந்தது. கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து தூஸாவின் மடியில் வைத்துவிட்டு, தள்ளிப்போய்த் தன் பாட்டுக்குப் புலிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.

மியா யீ குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு தூஸாவோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்" என்றாள்.

"எது அக்கா?"

"எதுன்னு உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேக்காத."

மியா யீ தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று தூஸாவுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"ஹனி, சாயங்காலம் அந்தப் பையன சாப்பிட வரச் சொல்லு."

"எந்தப் பையனம்மா?"

"எத்தன பேரு வச்சிருக்க? கௌங்கத்தான்."

"என்னம்மா ஆச்சு உனக்கு? அவன் காலையில திங்கக்கிழமை, இப்பவும் திங்கக்கிழமைதான். எனக்காக மனசு மாறின மாதிரி நடிக்காத. அத்தை திட்டினாங்களா? நீ அழற மாதிரி இருக்கே?"

தூஸா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். 'உங்கப்பா' என்றாள், மறுபடி 'உங்கப்பா' என்றாள். மியா யீ அவள் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். பேசுகிற பக்கம் எது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பகோடா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அடியே ஹனி, நான் அத்தை பேசறேன். நல்லாக் கேட்டுக்கோ. உங்கம்மா என் தம்பிய ஒண்ணும் பண்ணல. நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு உங்கம்மாகிட்ட கேக்காத, எங்கிட்ட வந்து கேளு, நான் சொல்றேன். அந்தப் பையன் திங்களோ செவ்வாயோ, வரச் சொல்லு. நான் கருவாடு கொண்டாந்திருக்கேன்."